ஸ்பிரிங் இல்லாத சைக்கிள்

நாற்பத்தாறு வயதில் ஒரு குடும்பத்துப் பெண் தனக்கென்று சைக்கிள் வாங்கினாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சிரிக்கத்தான் செய்தார்கள். "என்ன, பையனுக்கா?" என்று கேட்டவர்களிடம், "இல்லை, எனக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிற்று.

ஆசைப்பட்டு வாங்கியதில்லை இது. அவசியப்பட்டு வாங்கியது. ஆனால் வாங்கப் போன பிறகுதான் தெரிந்தது, சைக்கிள் வாங்குவது புடவை எடுப்பதைவிடக் கஷ்டமான காரியம் என்று!

2024 ஐப்பசி மழையில் என் அம்மா துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. அம்மா இருப்பது உறையூரில், என் தம்பி வீட்டில். தம்பியும் அவன் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். எங்கள் வீடோ மாடி. அம்மாவால் ஏற முடியாது. ஆகவே தினமும் பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு நான் உறையூர் போவது, அம்மாவை நாலு நடை நடக்கவைத்து, சாப்பாடு போட்டு, மூன்று மணிக்குத் திரும்புவது என்று ஏற்பாடு.

பஸ் என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாற வேண்டும். ரசம் பாதி பையில், பாதி கேரியரில். ஆட்டோ என்றால் ஒரு மாதக் கணக்கு மளிகைக் கணக்கைத் தாண்டிவிட்டது. ஸ்கூட்டர் என் வீட்டுக்காரர் வேலைக்கு எடுத்துப் போவது. போதாக்குறைக்கு எனக்கே ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.2 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருக்க வேண்டுமாம், 6.5 வந்தால் சர்க்கரை வியாதி என்றே பெயர் வைத்துவிடுவார்கள். "தினமும் அரை மணி நேரம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள்" என்றார் டாக்டர். சமையலறையில் எனக்கு நாள் முழுக்க மூச்சு வாங்கத்தான் செய்கிறது. அது கணக்கில் சேராதாம்.

உறையூர் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து, ஐந்தரை கிலோமீட்டர். "சைக்கிளில் போனால் என்ன?" என்று ஒரு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் மோர் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "காவேரிப் பாலத்திலேயா? பஸ் வருமே!" என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் இது எனக்குத் தெரியும்.

காலேஜில் படிக்கும் என் பிள்ளைக்கு ஒரே உற்சாகம். "ஷாக் வச்ச வண்டி வாங்கலாம்மா. பள்ளம் மேடு ஒண்ணுமே தெரியாது. உன் முதுகுக்கு அதுதான் நல்லது" என்றான். ஷாக் என்றால் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்குள், அதாவது ஃபோர்க்குக்குள், ஸ்பிரிங் வைத்திருப்பது. பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். பிள்ளை பத்தாவது முடித்தபோது அவனுக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். என்ன கம்பெனி என்பது இங்கே வேண்டாம். இரண்டு மழைக்காலம் தாங்கியது. அதன் பிறகு ஃபோர்க் துருப்பிடித்து, அமுங்கினால் எழுந்திருக்காது, எழுந்தால் அமுங்காது. இப்போது மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும்போது துணியின் ஒரு முனையைக் கட்ட உதவுகிறது.

அந்தச் சைக்கிளைக் கீழே இறக்கி, எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைப் பெரியவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். சரிசெய்து நானே ஓட்டலாமா என்று கேட்கத்தான். அவர் ஃபோர்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருங்கம்மா" என்றார். அம்மிக் குழவி மாதிரி கனத்தது. பிறகு மூலையில் கிடந்த சாதாரண இரும்பு ஃபோர்க்கை எடுத்துக் கொடுத்தார். பாதி கனம்கூட இல்லை. பழைய பேப்பர் எடைபோடும் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று இரண்டரை கிலோ, மற்றது ஒரு கிலோ சொச்சம்.

"நல்ல ஷாக்குன்னா உள்ளே எண்ணெய் இருந்து துள்ளலை அடக்கும்மா. அது விலைக்கு ஒரு முழு சைக்கிளே வாங்கிடலாம். விலை குறைச்ச வண்டியிலே வெறும் ஸ்பிரிங்தான். பள்ளத்திலே அமுங்கும், உடனே கையைத் தூக்கியடிக்கும். இடுக்கிலே ஆத்து மணல் போச்சுன்னா ரப்பர் தேஞ்சு தண்ணி இறங்கிடும். மேடு ஏறும்போது நீங்க மிதிக்கிற மிதியிலே பாதி அதைத் தலையாட்ட வைக்கத்தான் போகும்" என்றார் பெரியவர்.

'பாதி' என்பது பெரியவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறேன். ஆனால் தலையாட்டுவது நிஜம். பிள்ளையின் நண்பனுடைய ஷாக் வண்டியை வாங்கி, எழுந்து நின்று மிதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் கோயில் மாடு மாதிரி தலையாட்டியது.

"அப்ப பள்ளத்துக்கு என்னதான் வழி?" என்று கேட்டேன். பெரியவர் ஒரு டயரை எடுத்துக் கட்டை விரலால் அமுக்கிக் காட்டினார். "இதுதாம்மா ஷாக்."

இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து பிள்ளையைப் போனில் தேடச் சொன்னேன். காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்த டன்லப் ஒரு மாட்டு வைத்தியராம்! அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் ஊரில் இருந்தவர். தன் சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளில் கல் பாவிய தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போவதைப் பார்த்துத்தான் ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிக் கட்டினார். 1888ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். பெற்ற பிள்ளை குலுங்கக் கூடாது என்று ஒரு தகப்பன் செய்தது, பாருங்கள்.

இன்னொன்றும் பிள்ளையே கண்டுபிடித்துச் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! இந்த 'மவுண்டன் பைக்' என்கிற மலை சைக்கிள், 1970களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் தமால்பைஸ் என்ற மலையிலிருந்து மண் பாதையில் பழைய தடி டயர் சைக்கிள்களில் சறுக்கி இறங்கியதில் பிறந்ததாம். அதில் பெரும்பாலும் ஸ்பிரிங் ஃபோர்க் கிடையாது. மலை சைக்கிளுக்கென்று ஸ்பிரிங் ஃபோர்க் கடைக்கு வந்ததே 1989 வாக்கில்தான். மலையில் இறங்கியவர்களே பத்து வருஷத்துக்கு மேல் வெறும் இரும்பு ஃபோர்க்கில் இறங்கியிருக்கும்போது, மாம்பழச் சாலையில் போகிற எனக்கென்ன?

நான் வளர்ந்தது புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம் ஒரு கிராமம். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி லாந்தர் வைத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதோடு சேர்த்துவிட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை டவுனில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். முப்பத்திரண்டு வயதில் என் அம்மாவும் அதில் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காத காலம். அப்பாவின் ஹெர்குலிஸ் வண்டியைத்தான் ஓட்டினாள். அந்தக் குறுக்குக் கம்பியில் துணி சுற்றி என் தம்பியை உட்காரவைத்துச் சந்தைக்குப் போவாள். அதே வண்டியில்தான் நானும் கம்பிக்கடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றேன்.

அடுத்த வருஷம் நான் பெரியவளானேன். "இனிமே இவ சைக்கிளைத் தொடக் கூடாது" என்று அப்பாயி சொல்லிவிட்டாள். ஊரே பார்க்க ஊர்வலம் போன அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தாவது வரை உள்ளூர்ப் பள்ளி. பதினொன்றாவதுக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. என் படிப்பு அதோடு நின்றது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கு ஆரம்பித்து, 2005-06ல் மற்றவர்களுக்கும் வந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்துவிட்டான்! யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சைக்கிள் கடையில் நின்று ஹாண்டில்பாரைப் பிடித்தபோது எனக்கு ஏன் கை நடுங்கியது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, உங்களுக்காவது தெரியட்டும்.

கடையில் முதலில் காட்டியது எல்லாமே ஷாக் வண்டிதான். "ரிஜிட் ஃபோர்க்குல காட்டுங்க" என்று பஞ்சர் கடைப் பெரியவரிடம் கற்ற வார்த்தையைச் சொன்னேன். கடைப் பையன் ஆச்சரியப்பட்டு உள்ளேயிருந்து இரண்டு வண்டி தள்ளிவந்தான். ஒன்று ஒல்லி டயர், ரோட்டில் பறக்கும். அது எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மேலூர்ப் பக்கம் காவேரிக்கரை மண் பாதையிலும் போக வேண்டும் என்று எனக்கொரு ரகசிய ஆசை. மற்றது 26 அங்குலச் சக்கரம், 1.95 அங்குல அகல டயர், இரும்பு ஃபோர்க், பின்னால் மட்டும் ஏழு கியர். இருபத்தொரு கியர் வண்டியும் இருந்தது. ஏழிலேயே நான் மூன்றைத்தான் தொடுகிறேன். மிச்சம் நான்கு அப்படியே புதிதாக இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் உயரம்தான் முக்கியம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கும் எனக்கு 16 அங்குல ஃபிரேம் சரியாக இருந்தது. கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் நடுவே இரண்டு, மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும்; பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது சற்றே மடங்கும். நம் பெண்கள் பயத்தில் சீட்டைத் தாழ்த்திவிடுவார்கள். நானும் தாழ்த்தினேன். ஒரு வாரத்தில் முழங்கால் வலி வந்துவிட்டது. பெரியவர் சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றிய பிறகுதான் வலி போயிற்று. பின்னால் கேரியரும் மட்கார்டும் முடுக்க ஃபிரேமிலேயே துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கேரியரை எங்கே கட்டுவது? செயின் கவரும் நான் தனியாகச் சொல்லிப் போட்டுக்கொண்டேன், சுடிதார் மாட்டாமலிருக்க. டிஸ்க் பிரேக் வேண்டாம், ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக்கே போதும் என்றேன். தேய்ந்தால் கட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஹெல்மெட், விளக்கு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. தை பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தது வண்டி.

முதல் வாரம் விடிகாலையில் சித்திரை வீதியில்தான் பழகினேன். குரங்குப் பெடல் கற்ற கால் மறக்கவில்லை, பயம்தான் புதிது. பிறகு பாலம். 1976ல் கட்டிய காவேரிப் பாலத்தை 2022-23ல் மாதக்கணக்கில் மூடி வைத்துப் பழுதுபார்த்தது திருச்சிக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாலத்தின் இணைப்பு ஒவ்வொன்றிலும் வண்டி 'டக்' என்று ஒரு தட்டு தட்டும். முதல் நாள் ஒவ்வொரு டக்குக்கும் என் நெஞ்சும் டக்கென்றது. இப்போது இணைப்பு வரும்போது உடம்பைச் சீட்டிலிருந்து லேசாகத் தூக்கி, முழங்கையை மடக்கிக்கொள்கிறேன். கையும் காலும்தான் ஷாக்.

எல்லாம் சுகமென்று சொன்னால் பொய். இரண்டாம் வாரம் வலது கை விரல்கள் மரத்துப் போயின. டயரில் கல் மாதிரி காற்றடித்திருந்ததுதான் காரணம். நாம் பம்பு வைக்கிற பையனிடம் "நல்லா அடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம் இல்லையா? டயரின் பக்கவாட்டிலேயே குறைந்தது இத்தனை, அதிகம் இத்தனை பவுண்டு என்று அச்சிட்டிருக்கிறது. என்னுடையதில் 40லிருந்து 65 வரை. நான் பின்னால் 50, முன்னால் 45 வைத்துக்கொள்கிறேன். மண் பாதைக்குப் போகும் அன்று இரண்டிலும் 40. தோசை மாவுப் பதம் மாதிரிதான், ஆளுக்கு ஆள் மாறும்; கனமானவர்கள் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அதற்காக மிகவும் குறைத்தால் பள்ளத்தில் ரிம் இடித்து ட்யூப் கடிபடும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்பதை விட்டதும் மரத்துப் போவதும் நின்றது.

முள்! இதைச் சொல்ல மறந்தேனே. மேலூர்ப் பாதையில் ஒரு பக்கம் வாழைத் தோட்டம், ஒரு பக்கம் ஆறு, நடுவில் சீமைக் கருவேல முள். முதல் ஞாயிறு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரை ஜோராகப் போனேன். திரும்பும்போது பின் டயர் பஞ்சர். மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் காபிக்குக் காத்திருந்தவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! இப்போது ட்யூபுக்குள் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் பசை ஊற்றி வைத்திருக்கிறேன். சின்னப் பம்பு ஒன்றும் பையில் இருக்கிறது. ஆற்று மணலில் போய் வந்தால் செயினைப் பழைய துணியால் துடைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நான் விட்டுப் பார்த்தேன், மண்ணெல்லாம் அப்பிக்கொண்டது.

பச்சைமலைப் பாறைகளில் இறங்குகிற இளவட்டங்களுக்கு நல்ல ஷாக் வண்டி வேண்டியதுதான். காசும் பராமரிக்கப் பொறுமையும் இருந்தால் வாங்கட்டும். கடைத்தெரு, பாலம், கரைப்பாதை என்று போகிற நமக்கு, அந்தக் காசை நல்ல டயரிலும் சீட்டிலும் போடலாம் என்பது என் அபிப்ராயம்.

வண்டி வாங்கியதை அம்மாவிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் நாள் உறையூரில் வாசலில் நிறுத்திப் பூட்டப் போனபோது உள்ளேயிருந்து, "யாரு வண்டிடி?" என்று கேட்டாள். "என்னோடதும்மா" என்றேன். "உள்ளே கொண்டா" என்றாள். கூடத்துக்குள் தள்ளிவந்து கட்டிலருகே நிறுத்தினேன். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, குறுக்குக் கம்பியைத் தடவினாள். பிறகு டயரைக் கட்டை விரலால் அமுக்கினாள், பஞ்சர் கடைப் பெரியவர் மாதிரியே.

"ஸ்பிரிங்கெல்லாம் இல்லாம நல்லதா வாங்கியிருக்கே" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "அன்னைக்கு உன் அப்பாயிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஊர்வலத்துக்குப் போனதுக்கே அவ என்னை ஒரு மாசம் பேசலே. உனக்காகவும் மல்லுக்கு நிக்கத் தெம்பில்லாமப் போச்சு" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் கேட்காத கேள்விக்கு அம்மா தானாகப் பதில் சொன்னாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உட்காரும்மா, ரசம் ஆறுது" என்று கேரியரைத் திறந்தேன். அன்றைக்கு அவள் இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் வண்டியில் ஒரு குறை கண்டுபிடித்தாள். மணி சரியில்லையாம்! கடையில் மாட்டிக்கொடுத்த சின்ன மணி 'டிங்' என்று ஒரு தரம்தான் அடிக்கும். "இது பூஜை மணி மாதிரி இருக்கு. பஸ்காரனுக்கு எப்படிக் கேட்கும்?" என்றாள். பெரியவர் கடையில் பழைய மாடல் பித்தளை மூடி மணி ஒன்று கிடைத்தது. ட்ரிங் ட்ரிங் என்று தெருவே திரும்பிப் பார்க்கும். தெரு முனையிலேயே அடித்துவிடுகிறேன். நான் வண்டியைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறாள்.